ஈறு நிறத்தில் ஒரு பிடி

1

இந்தக் கதை ஒரு கேமராக் கடையில், நான் விழித்துக்கொண்டு நின்ற இடத்தில் பிறந்தது. என்னிடம் உள்ளங்கைக்குள் அடங்கும் கேமரா ஒன்று இருக்கிறது. சின்னதாக இருக்கிறதே என்று ஆசைப்பட்டு வாங்கியது. சின்னதாக இருப்பதுதான் அதன் குறை என்று வாங்கிய பிறகு தெரிந்தது. பிடிக்க இடமே இல்லை, ஈரமான சோப்புக்கட்டி மாதிரி வழுக்குகிறது. நடந்துகொண்டே படமெடுத்தால் பார்ப்பவர்களுக்குத் தலை சுற்றுகிறது.

அதற்கு ஒரு பிடி வாங்கலாம் என்று போனேன். கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். முன்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும் ரப்பர்த் துண்டு. அடியில் திருகி மாட்டும் உலோகப் பிடி. விரித்தால் முக்காலி, மடக்கினால் கைப்பிடி என்று இரட்டை வேலை பார்க்கும் ஒன்று. கடைசியாக கிம்பல், நாம் எப்படி ஆடினாலும் கேமராவை ஆடவிடாத, மோட்டார் வைத்த தடி.

"இதுல எதுங்க நல்லது?" என்றேன்.

"அது உங்க கையைப் பொறுத்தது மேடம். உங்க கை பெருசா, சின்னதா?"

கால் அளவு தெரியும், இடுப்பளவு தெரியும் (சொல்ல மாட்டேன்). கையைப் பற்றி இத்தனை வயதுவரை யாரும் கேட்டதில்லை. அந்தக் கையைப் பிடித்துக் கல்யாணம் செய்துகொண்டவர் உட்பட. கடையில் நின்றபடியே கையை விரித்துப் பார்த்தேன். ஒருவர் கையின் அளவை இன்னொருவர் எப்படித் தெரிந்துகொள்வார் என்று யோசித்தேன். அவ்வளவுதான், கதை வந்து உட்கார்ந்துகொண்டது.

(நான் ஒட்டும் ரப்பரை வாங்கினேன். அது இந்தக் கதைக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.)

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று முறை முட்டிக்கொண்டேன்.

முதல் முயற்சி: "ஏணியின் உச்சியில் நின்ற அவள், கேமரா கையைவிட்டு நழுவுவதை உணர்ந்த அந்த நொடியில்" —

நிறுத்திவிட்டேன். ஏணியில் ஏற்றினால் விழவைக்க வேண்டும், விழவைத்தால் ஆஸ்பத்திரி. குடும்பக் கதை எழுதுகிறவளுக்கு ஆஸ்பத்திரி வராந்தா அத்துப்படி. இந்த முறை போக மாட்டேன்.

இரண்டாவது: "அவன் தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான வாய்களைப் பார்த்திருக்கிறான், ஆனால் ஒரு முகத்தைக்கூட" —

இது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் வரியே இவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தால் எனக்குப் பயம். பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது: "அக்கா வீட்டுச் சுவரில் விரிசல் விழுந்தது."

இது போதும். எளிமையாக இருக்கிறது, நடந்ததும் அதுதான். நாற்பதைத் தாண்டிய ஒருவனை 'அவன்' என்று எழுதலாமா என்றும் தயங்கினேன். காதலிக்கப் போகிறவன்தானே, 'அவன்' ஆகவே இருக்கட்டும்.

3

அக்கா வீட்டுச் சுவரில் விரிசல் விழுந்தது. ஹாலின் மேல்மூலையில் தொடங்கி ஜன்னல்வரை ஓடியது. குடியிருப்புச் சங்கம் ஒரு நிறுவனத்துக்கு எழுதிப்போட, கட்டடங்களின் விரிசலைப் பார்த்துச் சொல்கிறவள் ஒருத்தி ஏணியும் சின்னக் கேமராவுமாக வந்து சேர்ந்தாள். ஏறினாள், விரலால் தடவினாள், தட்டிப் பார்த்தாள், படமெடுத்தாள்.

"பயப்படாதீங்க. இது பூச்சுல விழுந்த விரிசல். சுவர் நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

அக்காவுக்கு அந்த ஒரு சொல்லிலேயே அவளைப் பிடித்துப்போனது.

"கல்யாணம் ஆயிடுச்சாம்மா?"

"ஆகி, முடிஞ்சும் போச்சுக்கா. அவர் வேற ஊர்ல நல்லா இருக்கார். நான் இங்க நல்லா இருக்கேன்."

விரிசல் பார்க்க வந்தவளை அக்கா சம்பந்தம் பேச உட்கார வைத்துவிட்டாள். "எனக்கு ஒரு தம்பி இருக்கான். பல் செட் செய்யற வேலை. ஊர்ல இருக்கற வாய்க்கெல்லாம் பல் செய்வான், அவன் வாய் மட்டும் திறக்காது. இவ்வளவு நாள் கல்யாணமே வேணாம்னுட்டான். ஒரு தடவ பாத்துப் பேசும்மா. பிடிக்கலன்னா சுவரைப் பார்க்க வந்தேன், போறேன்னு போயிடு."

அப்படித்தான் அடுத்த வாரம் அதே ஹாலில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அக்கா சமையலறைக்குள் போய், தான் ஒட்டுக் கேட்கவில்லை என்பதைத் தெரிவிக்கப் பாத்திரங்களை உருட்டினாள்.

மேசைமேல் அவளுடைய கேமரா இருந்தது. அதைச் சுற்றி ரப்பர் பேண்டுகள் வரிவரியாகப் போட்டிருந்தன.

"ரப்பர் பேண்ட் எதுக்கு?" என்றான். ஒரு மாப்பிள்ளை கேட்ட முதல் கேள்வி.

"வழுக்காம இருக்க. கடையில இருக்கறதெல்லாம் போட்டுப் பாத்தாச்சு. ஒட்டற ரப்பர் தூசியில உரிஞ்சு வந்துடுது. அடியில திருகற பிடி பேட்டரி மூடியை அடைச்சுக்குது, ஒவ்வொரு தடவையும் கழட்டணும். என் உள்ளங்கை அகலம், விரல் குட்டை. கடைக்காரங்க நினைச்சு வச்சிருக்கற கை என்னோடது இல்ல."

"கிம்பல்?"

"ஏணியில நிக்கறப்ப ஒரு கை எனக்கு, ஒரு கை கேமராவுக்கு. மூணாவது கை முளைச்சா கிம்பல் வாங்கலாம்." சிரித்தாள். "விரிசலோட ஒரு முனையிலேர்ந்து மறு முனைவரைக்கும் விடாம வீடியோ எடுக்கணும். எங்க மேனேஜர் பாத்துட்டுக் கேக்கறார், 'கட்டடம் ஆடுதா, நீங்க ஆடறீங்களா'ன்னு."

அவன் சத்தமாகச் சிரித்துவிட்டான். சமையலறையில் பாத்திர உருட்டல் சட்டென்று நின்றது.

"அச்சு எடுத்துடலாம்" என்றான்.

"எதை?"

"உங்க கையை. பல்லுக்கு எடுக்கற மாதிரிதான். கேமராவோட சேர்த்து எடுத்துட்டா, உங்க கைக்குன்னே ஒரு பிடி செஞ்சுடலாம்."

அவள் வாசலில் செருப்பு மாட்டும்போது அக்கா மெதுவாகச் சொன்னாள்: "மாசக் கடைசி ஞாயிறுக்குள்ள ஒரு பதில் சொல்லிடும்மா. வேணாம்னா வேணாம். ஆனா அவன் இப்படிச் சிரிச்சு நான் பாத்து ரொம்ப நாளாச்சு."

அந்தப் பதில்தான் இந்தக் கதையின் பாக்கி வேலை. வாசகர்கள் வேறு எதற்கும் காத்திருக்க வேண்டாம்.

4

இரண்டாவது முயற்சியில் கைவிட்ட வரியை இங்கே கொஞ்சம் பயன்படுத்திக்கொள்கிறேன். பல் டாக்டர்கள் எடுத்தனுப்பும் அச்சுகள் அவன் மேசைக்கு வரும். அவற்றில் சுண்ணக்கலவை ஊற்றி, வார்ப்பு எடுத்து, அதற்கேற்பப் பல் செட் செய்து அனுப்புவான். யாருடைய வாய் என்று தெரியாது. அலமாரி முழுக்க வெள்ளை வாய்கள். நோயாளி என்று ஒருவரைக்கூட அவன் தொட்டதில்லை. அவன் தொட்டதெல்லாம் அசையாதவை, வலிக்காதவை.

அச்சுக் கொடுக்க அவள் அவன் பட்டறைக்கு வந்தபோது கேமராவை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றினான். வெள்ளையும் நீலமுமாக இருந்த இரண்டு அச்சு மாவு உருண்டைகளைச் சேர்த்து, ஒரே நிறமாகும்வரை பிசைந்தான்.

"நல்லா பிசையறீங்க. வீட்ல சமையல் நீங்கதானா?"

"அக்கா வராத நாள்ல."

மாவைக் கேமராவின்மேல் அப்பினான். அவள் வழக்கம்போல் பிடித்தாள். அது இறுகுவதற்குச் சில நிமிடங்களாகும், அதுவரை அசையக்கூடாது. அசையாமலிருக்க அவள் கையைத் தன் இரண்டு கைகளாலும் பொத்தி வைத்துக்கொண்டான்.*

* என் கணவர் இந்த இடத்தில் ஓரக்குறிப்பு எழுதியிருக்கிறார்: "இது தொழிலுக்குத் தேவையா, உனக்குத் தேவையா?" இரண்டுக்கும்.

"பேசலாமா?" என்றாள்.

"பேசலாம். கை மட்டும் அசையக்கூடாது."

"அப்ப நீங்க பேசுங்க."

அவன் அலமாரியைப் பார்த்தான். "கடவாப்பல்லு ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிருந்தா, அவங்க அந்தப் பக்கமே மெல்றாங்கன்னு அர்த்தம்."

(காதல் வசனமாக இதை எழுத எனக்கே கூச்சமாகத்தான் இருந்தது. மாற்றியும் பார்த்தேன். 'உங்கள் கண்கள்' என்று தொடங்கியதும் அவன் எழுந்து போய்விடுவான் போலிருந்தது. விட்டுவிட்டேன்.)

"நான் எந்தப் பக்கம் மெல்றேன்?"

"வாயைத் திறந்தா சொல்லலாம்."

"முதல் நாளேவா?"

அவனுக்குக் காது சிவந்தது. அவள் விரல்கள் இறுகின. மாவும் இறுகியது.

5

பிடி நன்றாகவே வந்தது. விரலுக்கு விரல் பள்ளம், கட்டைவிரலுக்கு ஒரு மேடு, பேட்டரி மூடி திறக்க வழி. அவன் பல் செட் செய்யும் அதே பொருளில் வார்த்து, இழைத்து, மெருகேற்றியிருந்தான். ஆகவே அது ஈறு நிறத்தில் பளபளத்தது. நிறத்தைப் பற்றி அவன் யோசிக்கவே இல்லை. உலகத்தில் செய்யப்படும் பொருள்கள் அந்த நிறத்தில்தான் இருக்கும் என்பது அவன் எண்ணம்.

அக்கா கொண்டுபோய்க் கொடுத்தாள். அவள் அலுவலகத்தில் மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, "என்னங்க, கேமராவுக்குப் பல்லு முளைக்கப்போகுதா?" என்றாராம்.

சில நாளில் பிடி அக்கா கையிலேயே திரும்பி வந்தது. "கொஞ்சம் இறுக்கமா இருக்காம்டா. பாத்துச் சரிபண்ணிக் கொடுப்பியாம்."

அவன் அதை விளக்கடியில் பிடித்துப் பார்த்தான். முன்பு கண்ணில் படாதது இப்போது பட்டது. விரல்களின் பள்ளங்கள் அளவுக்கு மீறி ஆழமாக இருந்தன. சாதாரணமாக ஒரு கேமராவைப் பிடிக்கும் கை இப்படிப் பதியாது. அவனுக்கு இந்த ஆழம் பழக்கமானது. நாற்காலியில் பயந்துபோய் உட்கார்ந்து பல்லைக் கடித்தவர்களின் அச்சு இப்படித்தான் வரும். அதை வைத்துச் செய்த செட் வாயில் உட்காராது. "பேஷண்ட் டென்ஷன்" என்று டாக்டர் சீட்டு எழுதித் திருப்பி அனுப்புவார்.

பிடியை மேசையில் வைத்தான்.

"விட்டுடுக்கா."

"எதை விடறது?"

"அந்தப் பேச்சை. அவங்களுக்கு இஷ்டமில்ல. நான் கையைப் பிடிச்சது பிடிக்கல. சொல்ல முடியாம இறுக்கிட்டு உக்காந்திருக்காங்க. இதுல தெரியுது பாரு."

"பிளாஸ்டிக்கைப் பாத்துப் பொண்ணு மனசைச் சொல்றியா? நாளைக்கு வாசல்ல ஜோசியர்னு போர்டு மாட்டிக்கோ, நல்லா ஓடும்."

"இது பொய் சொல்லாதுக்கா."

"அது பேசவே பேசாது, எருமை. பேசற ஒருத்தி அங்க இருக்கா, அவளைக் கேளு!"

அவன் கேட்கவில்லை. பிடியை இழுப்பறையில் போட்டான். அன்று மாலை அனுப்ப வேண்டியிருந்த ஒரு மேல்வரிசைப் பல்லைக் காலையிலேயே செய்து முடித்தான். வருத்தப்பட்டால் அவனுக்கு வேலை நன்றாக ஓடும்.

6

இங்கே மாட்டிக்கொண்டேன். மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் அவள் ஒரு கிம்பல் வாங்கினாள். வீடியோ ஆடவில்லை. மேனேஜர் பாராட்டினார். எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது.

இரண்டாவதில் அக்காவுக்கு நெஞ்சுவலி வந்தது. வந்ததாக அக்கா நடித்தாள். இருவரும் ஓடிவந்தார்கள். இது என்னுடைய பழைய நாவல்களிலேயே இரண்டு மூன்று முறை வந்துவிட்டது. வாசகர்களுக்கு அக்காவின் நெஞ்சைவிட என் சாமர்த்தியம் நன்றாகத் தெரியும்.

மூன்றாவதில் அவன் இரவெல்லாம் யோசித்து, விடிந்ததும் —

இல்லை. அவன் யோசிப்பான், விடியும், வேலைக்குப் போவான்.

கையெழுத்துப் பிரதியைக் கணவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "அவன்தான் வாயைத் திறக்க மாட்டான். அவளுக்கு என்ன கேடு? சரிபண்ணக் கொடுத்த சாமான் வரலன்னா போய்க் கேக்க மாட்டாளா? நீ தையல்காரர் கடையில எப்படி நிப்ப?" என்றார்.

சரிதானே. விரிசலைக் கண்டால் ஏணி போட்டு ஏறித் தட்டிப் பார்க்கிறவள் அவள். அவளை நான்தான் நாலு பக்கமாக வீட்டில் உட்கார வைத்திருந்தேன். கதவைத் திறந்துவிட்டேன். கிளம்பிவிட்டாள்.

7

மதியச் சாப்பாட்டு வேளை. சட்டையில் சுண்ணாம்புத் தூசியோடு அவன் பட்டறையில் வந்து நின்றாள்.

"என் பிடி என்னாச்சு?"

அவன் இழுப்பறையைத் திறந்து எடுத்துக் கொடுத்தான். "சரிபண்ண முடியாதுங்க. அச்சே தப்பு. நீங்க... அன்னிக்குக் கை ரொம்ப இறுகியிருந்துச்சு. என் தப்புதான். கேக்காம பிடிச்சிருக்கக் கூடாது. அக்காகிட்ட நானே சொல்லிடறேன், நீங்க சங்கடப்பட வேணாம்."

அவள் அவனையும் பிடியையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு, சுவரைப் பார்க்கிற அதே கவனத்தோடு பிடியைத் திருப்பிப் பார்த்து, பள்ளங்களை விரலால் தடவினாள்.

"கையைக் கொடுங்க" என்றாள்.

அவன் நீட்டினான். தன் கையை மேசைமேல், கேமரா பிடிப்பதுபோல் வைத்தாள். "அன்னிக்கு எப்படிப் பிடிச்சீங்களோ அப்படிப் பிடிங்க."

பொத்திப் பிடித்தான்.

"இப்ப யார் கை இறுகியிருக்கு?"

அவன் கீழே பார்த்தான். தன் விரல்முட்டிகள் வெளுத்திருப்பதைப் பார்த்தான். அவளுடைய கை அடியில் சும்மா கிடந்தது, தூங்கும் பூனைக்குட்டி மாதிரி. சட்டென்று விட்டான்.

"நானா?"

"பின்ன? என் விரல் தானா இவ்வளவு ஆழம் போகுமா? மேலேர்ந்து ஒருத்தர் அழுத்தினா போகும். ஒரு சுமை எங்கேர்ந்து இறங்குதுன்னு பாக்கறதுதான் சார் என் வேலை."

(இங்கே நான் பேனாவை வைத்துவிட்டு நாலாம் பகுதிக்குத் திரும்பிப் போனேன். "அவள் விரல்கள் இறுகின" என்று எழுதியிருக்கிறேன். எழுதியவள் நான்தான். அவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்கும் அப்படியே பட்டிருக்கிறது. திருத்தலாமா என்று யோசித்து, வேண்டாமென்று விட்டுவிட்டேன். நீங்களும் என்னோடு சேர்ந்து ஏமாந்திருந்தால் நமக்குள் இருக்கட்டும்.)

"வலிச்சிருக்குமே. சொல்லியிருக்கலாமே?" என்றான்.

"வலிக்கல. அதான் சொல்லல." பிடியை எடுத்துக் காட்டி, "ஆனா ஏணியில இது ஆகாது. பிடிச்சா நல்லாத்தான் இருக்கு. சட்டுனு விட முடியல. கால் இடறினா விரலை உருவிக்கிட்டுக் கம்பியைப் பிடிக்கணும் இல்லையா? பிடிக்கவும் வரணும், விடவும் வரணும்."

"அச்செடுக்கத் தெரியாதுங்க எனக்கு. எனக்கு அச்சு வந்துதான் பழக்கம்."

"தெரியுது. மறுபடி எடுங்க. இந்தத் தடவ நீங்க தள்ளி உக்காருங்க. அப்புறம், அந்த நிறம்..."

"கறுப்புல செஞ்சுடறேன்."

"வேணாம். இதே நிறம். எங்க ஆபீஸ்ல யாரும் என் கேமராவைத் தூக்கிட்டுப் போக மாட்டேங்கறாங்க."

8

மறுபடி வெள்ளையும் நீலமும். அவன் பிசைந்தான், அப்பினான், விலகி உட்கார்ந்தான். அவள் கேமராவைத் தானே பிடித்துக்கொண்டாள், ஏணியின் நடுப்படியில் நிற்பதுபோல், பதறாமல். அவன் தன் கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் மடியில் வைத்தான், மேசையில் வைத்தான், கடைசியில் கட்டிக்கொண்டான்.

"பள்ளிக்கூடத்துல கை கட்டி உக்கார வச்ச மாதிரி இருக்கு" என்றாள்.

"தொட மாட்டேன்னு காட்டத்தான்."

"நான் கேக்கவே இல்லையே. தள்ளி உக்காருங்கன்னு மட்டும்தான் சொன்னேன்."

நான் இந்த இடத்திலேயே முடித்திருப்பேன். அலமாரியில் வெள்ளை வாய்கள், ஜன்னலில் மதிய வெயில், இரண்டு பேர், இறுகிக்கொண்டிருக்கும் மாவு. எனக்கு மனசு நிறைந்துதான் இருந்தது. ஆனால் அப்போது மேசைமேல் அவளுடைய போன் அடித்தது.

திரையில் அக்கா. ஞாயிறுவரை பொறுக்கவில்லை.

அவள் கையைப் பார்த்தாள். அசைக்க முடியாது, அசைத்தால் மறுபடி முதலிலிருந்து. இன்னொரு கையைப் பார்த்தாள். அது சும்மாதான் இருந்தது. அந்தக் கையை அவள் நகர்த்தவே இல்லை. இதை நான் சேர்க்கவில்லை, அவளாகச் செய்தாள்.

"நீங்க எடுங்க" என்றாள்.

"நானா? அக்கா பதில் கேக்கத்தான் கூப்பிடறா."

"தெரியும். சொல்லுங்க."

"என்னன்னு சொல்றது?"

"நான் என்ன சொல்வேன்னு உங்களுக்குத் தெரியலையா?"

அவன் பார்வை பழக்கதோஷத்தில் அச்சின் பக்கம் போனது. அது இன்னும் இறுகவில்லை. அதிலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. தலையை நிமிர்த்தி அவள் முகத்தைப் பார்த்தான். நிதானமாக, அவசரமில்லாமல் பார்த்தான். அவளும் பார்க்கவிட்டாள்.

போனை எடுத்துக் காதில் வைத்தான்.

"அக்கா..."

இங்கே நான் எழுந்துகொள்கிறேன். அவன் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இவர்கள் விஷயத்தில் ஒரு முறை தப்பாகப் படித்தவள் நான். நீங்களும் இதுவரை அதே முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், என்னைவிடக் கொஞ்சம் பக்கத்தில் இருந்து. அடுத்த வரியை நீங்களே சொல்லிவிடுங்கள்.

"டேய், நீயா? அவ போனை நீ எதுக்குடா எடுக்கற? ஹலோ? ஹலோ!"

சீக்கிரம். அக்காவுக்குப் பொறுமை கிடையாது.